பிடியரிசி முட்டி

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாகக் கல்லூரியில் தொடங்கி அச்சுக்கூடத்தில் முடிப்பார்கள். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டை செமினரி. 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலை. 1841இல் 'உதயதாரகை' பத்திரிகை. பின்னர் மானிப்பாயில் டொக்டர் கிறீனின் மருத்துவப் பணி. பத்திரிகைக்காரன் என்ற முறையில் நானும் பல தடவை இந்த ஒழுங்கிலேயே எழுதியிருக்கிறேன். இதே வரலாறு நடந்த இன்னோர் இடம் குசினி. அங்கே அடுப்புக்கருகில் ஒரு மண்முட்டி இருந்தது. அதைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

அதன் பெயர் பிடியரிசி முட்டி. வீட்டுப் பெண் உலைக்கு அரிசியைச் சுண்டால் அளந்து சுளகில் போடுவாள். கழுவுவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி அந்த முட்டியில் இடுவாள். அவ்வளவுதான். முட்டி நிறைந்ததும் சபையின் பெண்கள் வந்து அதைச் சேர்த்துச் செல்வார்கள். அரிசி விற்கப்படும், பணம் ஊழியத்துக்குப் போகும். ஒரு பனையையோ தென்னையையோ ஆண்டவருக்கென்று ஒதுக்கி, அதன் விளைவைச் சபைக்குக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது.

ஒரு பிடி அரிசி பெரிய காரியமா என்று இன்று கேட்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. நெல் வானம் பார்த்த பயிர். பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு போகம். விளைந்த நெல் குடாநாட்டுக்குப் போதாமல் வெளியிலிருந்து அரிசி வந்தது. ஏழை வீடுகளில் ஒடியற்கூழும் குரக்கனும் சாமையுமே பல நாள் உணவு. அரிசிச் சோறு எல்லாருக்கும் எல்லா நாளும் கிடைத்ததன்று. அப்படிப்பட்ட அரிசியில், உண்டு மிஞ்சியதை விட்டு, உலையேறுமுன்னரே ஒரு பிடியை எடுப்பதுதான் இந்த வழக்கத்தின் உயிர். மிச்சத்திலிருந்து கொடுப்பவனுக்குக் கணக்கு இரவில். முதலில் எடுப்பவளுக்குக் கணக்கு காலையில். அன்றைய சோறு போதுமோ போதாதோ என்று தெரியாத நேரத்தில் அவள் நன்றி சொல்லியாயிற்று.

இந்த வழக்கம் ஏன் யாழ்ப்பாணத்தில் இத்தனை பொருள் பெற்றது என்பதை விளங்கிக்கொள்ள, அக்காலக் கிறிஸ்தவர்மேல் சுமத்தப்பட்ட ஒரு பழியை நினைவுகூர வேண்டும். சோற்றுக்கும் படிப்புக்கும் உத்தியோகத்துக்குமாகச் சமயம் மாறியவர்கள் என்பதே அப்பழி. அதில் முற்றிலும் உண்மையில்லை என்று சொல்லிவிட முடியாது. மிஷன் விடுதிகளில் உணவும் உடையும் கல்வியும் இலவசமாகக் கிடைத்தன. அச்செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளரின் பெயர்களை மாணவருக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளை ஆர்ணல்ட் என்ற பெயரையும் சுமந்தது அந்த வழக்கத்தின் எச்சம். ஒருவன் தன் பெயரிலேயே பிறருடைய தருமத்தை வாழ்நாள் முழுதும் தாங்கி நடப்பதென்றால், அது நன்றியா கடனா என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

கொடுத்த மனிதனுக்கு நன்றி சொல்லும்போது பெற்றவன் சற்றுத் தாழ்ந்து நிற்கிறான். திருவள்ளுவர் 'செய்ந்நன்றி அறிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கே 'நன்றி' என்பது பெற்ற உதவியையே குறிக்கும். அதை அறிவதும் மறவாதிருப்பதும் பெற்றவனின் கடமை. அமெரிக்க உதவியை அப்படி நினைவில் வைத்திருப்பதில் பிழையில்லை. ஆனால் ஒரு சபை பெறுவதிலேயே நின்றுவிட்டால், அதன் நன்றி கடவுளைச் சேருமுன் பொஸ்ரன் நகரத்து அலுவலகத்தோடு நின்றுவிடும். பிடியரிசி முட்டி இந்தச் சிக்கலைச் சத்தமில்லாமல் அவிழ்த்தது. சோற்றுக்காக வந்தவர்கள் என்று ஏசப்பட்டவர்கள், அதே அரிசியை அளந்து திருப்பி வைக்கத் தொடங்கினார்கள்.

இதற்கு வெளியிலிருந்தும் ஒரு தள்ளுதல் இருந்தது. 1855இல் அமெரிக்க மிஷன் தலைமையிலிருந்து ரூபஸ் அண்டர்சன் யாழ்ப்பாணம் வந்தார். சுதேச சபைகள் தம்மைத் தாமே தாங்கவும் ஆளவும் பரப்பவும் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவ்வாண்டிலேயே வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தாருக்கு அது பேரிடி. ஆயினும் உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் முயற்சியால் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அதற்கு முன்பே, 1840களின் பிற்பகுதியில், சுதேசிகள் தாமே ஒரு சுவிசேஷ சங்கத்தை அமைத்துத் தீவுப்பகுதிகளுக்கு ஊழியரை அனுப்பத் தொடங்கியிருந்தனர். நூற்றாண்டு முடியும் தறுவாயில் அவர்கள் கடலையும் தாண்டினர்.

1902இல் திருநெல்வேலியைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா என்ற இளைஞர் யாழ்ப்பாணம் வந்தார். அவர் அப்போது வை.எம்.சி.ஏ. பணியில் இருந்தார். இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தம் சொந்தப் பணத்தில் தமிழகக் கரையிலுள்ள தொண்டிப் பக்கத்துக்கு ஊழியர்களை அனுப்பி வைத்திருப்பதை அவர் கண்டார். இச்சிறிய குடாநாட்டால் முடிந்தது பெரிய திருநெல்வேலியால் ஏன் முடியவில்லை என்ற கேள்வியோடு அவர் திரும்பினார். அடுத்த ஆண்டு, 1903 பெப்ரவரியில், வெளிநாட்டுப் பணத்தை நாடாத இந்திய மிஷனரி சங்கம் திருநெல்வேலியில் பிறந்தது. அசரியா 1912இல் தோர்ணக்கல்லின் பேராயரானார். அங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. பிற்காலத்தில் கிறிஸ்தவக் கொடையைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

இந்தியாவின் வடகிழக்கில் மிசோராமில் 1910இல் தொடங்கிய பிடியரிசித் திட்டம் இன்றும் அங்குள்ள சபையின் பெரும் வருவாய்களில் ஒன்று. மிசோ மொழியில் அதற்கு 'புஃபாய் தாம்' என்று பெயர். அங்கும் பெண்களே அதன் தூண்கள்.

பெண்கள் என்று சொன்னேன். யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை இது சாதாரணச் செய்தியன்று. தேசவழமைச் சட்டப்படி, மணமான பெண் தன் சீதனக் காணியையே கணவனின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. சபையில் பேசியவர்களும் வாக்களித்தவர்களும் கணக்கு எழுதியவர்களும் நெடுங்காலம் ஆண்களே. ஆனால் உலைக்கு எவ்வளவு அரிசி போடுவது என்பதை எந்த ஆணும் வந்து அளப்பதில்லை. அந்த ஒரு பிடிக்கு எவருடைய கையொப்பமும் தேவைப்படவில்லை. ஆகவே யாழ்ப்பாணப் பெண் தன் இஷ்டப்படி கடவுளுக்குக் கொடுத்த முதற்பொருள் அதுவாகத்தான் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

பிடியரிசி கிறிஸ்தவர் கொண்டுவந்த புதுமையா? இல்லை. அறத்துக்காக ஒரு பிடி அரிசியை ஒதுக்கும் பழக்கம் தமிழருக்குப் பழையது. புதுநெல்லைப் புதிரெடுத்து இறைவனுக்குப் படைத்த பின்னரே உண்ணும் வழக்கம் ஈழத்துச் சைவரிடம் இன்றும் உண்டு. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலரும் சைவ வீடுகளின் பிடியரிசியைக் கொண்டே அதை நடத்தினார். மிஷனரிமாரை எழுத்தாலும் பேச்சாலும் எதிர்த்தவர் அவர். அதற்குமுன் பேர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவரும் அவரே. மேடையில் இரு தரப்பும் மோதிக்கொண்டிருந்த காலத்தில், வேலியின் இரு பக்கத்துக் குசினிகளிலும் ஒரே விதமான முட்டி இருந்தது. தமிழ்க் கிறிஸ்தவர் நாள்தோறும் சொல்லும் 'தோத்திரம்' என்ற சொல்லும் சைவர் தம் திருமுறைகளுக்கு வழங்கிய சொல்தான். தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு 1947இல் முதற்பேராயரான சபாபதி குலேந்திரன், 1964இல் கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் உள்ள அருட்கோட்பாட்டை ஒப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அப்படியொரு நூல் யாழ்ப்பாணத்திலிருந்து எழுந்ததில் வியப்பில்லை.

இந்த முட்டியை வணங்கத்தக்க பொருளாக்கிவிட நான் விரும்பவில்லை. அந்த அரிசியை விளைவித்த கைகளில் பல, அதே சபைகளில் பின்னால் நிற்கவேண்டியிருந்தது. மிஷன் விடுதிகளில் ஆரம்பத்தில் சமையலிலும் பந்தியிலும் சாதி வழக்கத்துக்கு இடம்கொடுத்தே காரியம் நடந்தது. கோவிலில் யார் எங்கே அமர்வது என்ற வழக்கு அதற்குப் பின்னரும் நெடுங்காலம் நீடித்தது. கடவுளுக்கு அரிசி வைத்த கை, அயலானுக்குச் செம்பு நீட்டத் தயங்கியது. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில், குணமான பத்துக் குஷ்டரோகிகளில் நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவனே. அவனும் யூதர் தாழ்வாக எண்ணிய சமாரியன். யாழ்ப்பாணத்துப் பிரசங்கபீடங்களில் அந்தப் பகுதி எத்தனையோ முறை வாசிக்கப்பட்டிருக்கும். சமாரியன் யார் என்பதைத்தான் பலர் கேட்கவில்லை.

இனி என் சொந்த நினைவு ஒன்றைச் சொல்லவேண்டும். இது இல்லாவிட்டால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. மழை. அந்த இரவைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். எங்கள் குடும்பம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தின் மூலையில் தங்கியது. சில நாட்களின்பின் நிவாரண அரிசி கிடைத்தது. அம்மம்மா மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். சுண்டு இல்லை, ஒரு பால்மா ரின்னால் அரிசியை அளந்தார். பிறகு, உடுவிலில் தன் குசினியில் நிற்பவர்போல, அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து ஒரு துணியில் முடிந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அவ்வாண்டு ஜூலை 9ஆம் திகதி நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்ததை நான் மறக்கவில்லை. எதற்கு நன்றி என்பதே என் கேள்வி. அதை அப்படிக் கேட்கத் துணியாமல் வேறு விதமாகக் கேட்டேன்.

"இது நிவாரண அரிசியணை அம்மம்மா. ஆரோ தந்தது. இதிலையும் பிடியோ?"

அவர் அரிசியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எது தம்பி எங்கட அரிசி?"

அந்தத் துணி முடிச்சு சபைக்குப் போகவில்லை. அப்போது சபை எங்கே இருந்தது? மண்டபத்தின் மறுகோடியில், கைக்குழந்தையோடு தனியே வந்திருந்த ஒரு தாயின் உலைக்குப் போயிற்று. அந்தப் பெண் கிறிஸ்தவரல்லர். அம்மம்மா அதைப் பற்றி எதுவும் பேசவுமில்லை.

பவுல் அப்போஸ்தலர் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், எல்லாவற்றிலும் நன்றி செலுத்தச் சொல்கிறார். 'எல்லாவற்றுக்காகவும்' என்று அவர் அந்த இடத்தில் எழுதவில்லை. இந்த வேறுபாட்டை வேத வியாக்கியானங்களில் நான் பிற்காலத்தில் வாசித்தேன். குண்டுக்காக நன்றி சொல்ல எவரையும் கடவுள் கேட்கவில்லை. குண்டு விழுந்த ஊரிலும் அரிசி அளக்கப்படுகிறது. அந்த அளவையில் ஒரு பிடி பிறருக்குரியது. அம்மம்மா எந்த வியாக்கியானமும் வாசித்தவரல்லர். ஆனால் அவருடைய பதிலில் சோற்றுக் கிறிஸ்தவர் என்ற பழிக்கும் மறுமொழி இருந்தது என்று பின்னர் எனக்குத் தோன்றியது. எல்லாச் சோறும் யாரோ தந்த சோறுதான். அதை ஒப்புக்கொள்கிறவனுக்கு அந்தப் பெயர் ஏச்சாகாது.

இன்று யாழ்ப்பாணத்தாரின் சபைகள் ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் உண்டு. அரிசி பெரிய பைகளில் வருகிறது. மின்சார அடுப்பு அதைத் தானே வேகவைக்கிறது. காணிக்கை மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானே கழிகிறது. இதில் குறைசொல்ல எதுவுமில்லை. அந்தப் பணத்தால் ஊரில் எத்தனையோ பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். ஆனால் வங்கி கழிக்கும்போது கைக்கு அது தெரிவதில்லை. நாளுக்கொரு முறையாவது, அடுப்பு மூட்டுமுன், இது எனக்கு எங்கிருந்து வந்தது என்று கையே கேட்கும்படி செய்தது அந்தப் பழைய முட்டி.

எங்கள் வீட்டு முட்டி 1995இல் குசினியிலேயே விடப்பட்டது. மறு ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, முட்டியும் இல்லை. அம்மம்மா சந்தையில் புதிதாக ஒன்று வாங்கினார். தம் கடைசி நாள்வரை அதில் அரிசி இட்டார்.