அவையும் இருக்கையும்



பள்ளியில் ஆண்டு விழா நெருங்கும்போது தலைமையாசிரியரின் மனத்தை வாட்டுவது நாடகமும் அன்று, நாட்டியமும் அன்று, நாற்காலியே. முன்வரிசையில் யார், பின்வரிசையில் யார், பாயில் யார் என்னும் கேள்விகளுக்கு விடை தேடிப் பல்லாண்டுகள் உழன்று ஓய்வு பெற்றவன் நான். இது அற்பச் செய்தி என்று உங்களுக்குத் தோன்றலாம். வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் அவ்வாறு தோன்றாது. மக்கள் கூடும் இடத்தில் எவர் எங்கே அமர்கிறார் என்பதைக் கொண்டே அக்கூட்டம் எதற்காகக் கூடியது, எவ்வளவு நேர்மையுடன் கூடியது என்பவற்றை அறிந்துகொள்ளலாம்.

எங்கள் திருநாவலூரிலிருந்தே தொடங்குகிறேன். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகில் உள்ள இவ்வூர், சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர். திருமுனைப்பாடி நாட்டை ஆண்ட நரசிங்க முனையரையர் அவரைத் தம் மகனாகக் கொண்டு வளர்த்தார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. புத்தூரில் அவருக்குத் திருமணம் நடைபெறவிருந்த வேளையில் முதியவர் ஒருவர் வந்து, ‘இவன் எனக்கு வழிவழி அடிமை, அதற்கு ஓலை உண்டு’ என்று வழக்கிட்டார். சினங்கொண்ட மணமகன் ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். ‘கிழிபட்டது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது’ என்றார் முதியவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது.

அந்த அவை என்ன செய்தது என்பதைக் கவனியுங்கள். முதியவரின் சொல்லை மட்டும் அது நம்பிவிடவில்லை. மணமகனின் செல்வாக்குக்கும் அஞ்சவில்லை. மூல ஓலை அவை நடுவே வாசிக்கப்பட்டது. அதிலிருந்த பாட்டனாரின் எழுத்து, அவர் கையெழுத்திட்ட வேறோர் ஓலையோடு ஒப்பிடப்பட்டது. அதன் பின்னரே தீர்ப்புப் பிறந்தது. வழக்காடும் இருவரும் சான்றும் அனைவர் கண்முன்னே இருக்க வேண்டும் என்பதே நீதி அவையின் இலக்கணம். வள்ளுவரும் அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்திருப்பதை இங்கே நினைவிற் கொள்ளுங்கள்.

திருநாவலூருக்கு வரலாற்றில் இன்னொரு சிறப்பும் உண்டு. முதற் பராந்தக சோழனின் மைந்தன் இராசாதித்தன் தன் படையுடன் இப்பகுதியில் தங்கியிருந்தான். இவ்வூர்க் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவன் அவனே. அவன் பெயரால் இவ்வூர் இராசாதித்தபுரம் என்றும் வழங்கியது. 949 ஆம் ஆண்டு தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே அவன் உயிர் நீத்தான். அவனுடைய தந்தையின் ஆட்சிக் காலத்தில்தான், அவை அமர்வதற்கு ஒரு விதிநூலே போல விளங்கும் இரு கல்வெட்டுகள் உத்தரமேரூரில் பொறிக்கப்பட்டன. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் அவ்வூரின் சபை கூடிய மண்டபத்துச் சுவரிலேயே இன்றும் உள்ளன.

குடவோலை முறையைப் பற்றி நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, வாரியத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர் என்ற அளவில் பாடநூல் நின்றுவிடும். அந்நிகழ்ச்சியில் எவர் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்பதையும் கல்வெட்டு விளக்கமாகச் சொல்கிறது. இளையோரும் முதியோருமாகச் சபை நிறைவுறக் கூட வேண்டும். அன்று ஊரிலிருக்கும் நம்பிமார் ஒருவர்விடாமல் உள் மண்டபத்திலே அமர வேண்டும். அவர்களுள் மூத்தவர் எழுந்து நின்று, குடத்தை எல்லாரும் காணும்படி உயர்த்திப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்க வேண்டும். பின்னர் அவன் உரக்க வாசிக்க, உள்ளே அமர்ந்துள்ள நம்பிமார் அனைவரும் அதனை வாசிக்க வேண்டும்.

விரித்த விரல்களின் பொருள் என்ன? கைக்குள் வேறோர் ஓலையை மறைக்க வழியில்லை என்பதே. உயர்த்திய குடத்தின் பொருள் என்ன? கடைசியில் இருப்பவனுக்கும் அது தெரிய வேண்டும் என்பதே. ஐயத்துக்கு இடமில்லாதபடி அவையை அமைத்த பின்னரே அவர்கள் ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கடல் கடந்து சென்றாலும் இவ்வுண்மையே புலப்படுகிறது. இங்கிலாந்தின் பொதுமக்கள் அவை முற்காலத்தில் தேவாலயம் ஒன்றினுள் கூடி வந்தது. பாடகர் இருக்கைகள் அங்கே எதிரெதிராக இருந்தமையால் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் நேருக்கு நேர் அமரும் வழக்கம் நிலைத்தது. 1941 ஆம் ஆண்டு குண்டுவீச்சில் அவ்வவை மண்டபம் அழிந்தது. 1943 இல் அதைத் திரும்பக் கட்டுவது பற்றிப் பேச்சு எழுந்தபோது, பழைய நீள்சதுர வடிவமே வேண்டும், உறுப்பினர் அனைவருக்கும் இடம் இருக்கும்படி பெரிதாக்கவும் வேண்டா என்று வாதாடினார் பிரதமர் சர்ச்சில். பெரிய மண்டபத்தில் ஆட்கள் குறைந்த நாளில் விவாதம் உயிரற்றுப் போகும் என்பது அவர் கருத்து. இன்றும் அங்கே 650 உறுப்பினர்களுக்கு 427 இடங்களே உள்ளன.

பிரான்சு நாட்டிலோ, 1789 ஆம் ஆண்டின் தேசிய அவையில் அரசனை ஆதரித்தோர் தலைவருக்கு வலப்புறத்திலும், எதிர்த்தோர் இடப்புறத்திலும் கூடி அமர்ந்தனர். வலதுசாரி, இடதுசாரி என்று இன்று நாம் வழங்கும் சொற்கள் அந்த இருக்கைகளிலிருந்து பிறந்தவையே. நம் நாட்டு மக்களவை குதிரை லாட வடிவில் அமைந்தது. எதிரெதிர் நோக்கவும் ஒரே தலைவரை நோக்கவும் அவ்வடிவம் இடந்தருகிறது.

இதுகாறும் உள்ளே அமர்ந்தவர்களைப் பற்றிக் கூறினேன். வெளியே நின்றவர்களைப் பற்றிக் கூறாவிட்டால் வரலாறு நிறைவுறாது. உத்தரமேரூர்க் குடத்தில் எல்லார் பெயரும் விழவில்லை. வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையவர் பெயரே விழுந்தது. உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் பெண்டிர்க்கும் அந்த மண்டபத்திலே இருக்கை இல்லை. குடத்தைக் காணும் உரிமை விரிந்திருந்தது. குடத்தில் இடம்பெறும் உரிமை குறுகியிருந்தது.

அண்மைக் காலத்திலும் இக்குறை நீங்கிவிடவில்லை. சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் 1922 இல் தொடங்கிய குருகுலத்தில் நாட்டுப்பற்றும் தமிழும் கற்பிக்கப்பட்டன. ஆயினும் பிராமணச் சிறுவர் சிலருக்கு உணவு தனியே பரிமாறப்பட்டது. ஒரே பந்தியில் பிள்ளைகள் அமரலாகாதா என்ற கேள்வி 1924, 1925 ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் பெரும் கிளர்ச்சியாயிற்று. பெரியார் ஈ. வெ. இராமசாமியும் வரதராசுலு நாயுடுவும் அதனைக் கடுமையாகக் கண்டித்தனர். ஒரு பந்தியின் அமைப்பு தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே திருப்பியது என்றால் அது மிகையாகாது.

பிறர் குறையை மட்டும் சொல்லி என் குறையை மறைப்பது ஆசிரியனுக்கு அழகன்று. பணியில் சேர்ந்த புதிதில், ஒரு சிற்றூர்ப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு இருக்கை அமைக்கும் பொறுப்பை நான் ஏற்றேன். முன்னே பெரியோர்க்கு நாற்காலி, அடுத்து ஊரார்க்குப் பலகை, பின்னே மாணவர்க்குப் பாய், வெயில் படாமல் பக்கத்தில் கீற்றுத் தட்டி. எல்லாம் ஒழுங்காக இருப்பதாக நான் மகிழ்ந்தேன். பேச்சுப் போட்டியில் முதற்பரிசு பெற்ற சிறுவன் மேடையில் நின்று, பரிசைக் கையில் ஏந்தியபடி கூட்டம் முழுவதும் யாரையோ தேடினான். அவன் தந்தை ஊருக்குப் புறத்தேயுள்ள தெருவிலிருந்து வந்தவர். தம் தெருவாரோடு தட்டிக்கு அப்பால் புளிய மரத்தடியில் நின்றிருந்தார். அங்கே நிற்கும்படி நான் சொல்லவில்லை. ஆனால் உள்ளே வந்து அமர ஒரு பாயும் நான் விரிக்கவில்லை. மறுநாள் அவர் பள்ளிக்கு வந்து, ‘ஐயா, பையன் கையில என்னமோ குடுத்தாங்களாமே, எனக்குச் சரியாத் தெரியலீங்க’ என்றார். அச்சொல்லில் சினம் இல்லை. அதனாலேயே அது என்னை இன்றளவும் சுடுகிறது.

அடுத்த ஆண்டு தட்டியை அகற்றினோம். மேடையைத் தாழ்த்தி, மூன்று பக்கமும் பாய் விரித்து, வந்த வரிசைப்படியே எல்லாரையும் அமரச் செய்தோம். முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் மட்டும் ஓரத்தில் நாற்காலி இட்டோம். முகம் சுளித்துச் சென்றவர் சிலர் உண்டு. அச்சிறுவனின் தந்தை இரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்தார்.

மாணவர்களே, நாளை நீங்களும் கூட்டம் கூட்டுவீர்கள். அப்போது மூன்று கேள்விகளை எண்ணிப் பாருங்கள். இக்கூட்டம் கேட்பதற்கா, ஆராய்வதற்கா, தேர்ந்தெடுப்பதற்கா? கேட்பதற்கு வரிசை பொருந்தும். கலந்து ஆராய்வதற்கு ஒருவர் முகத்தை ஒருவர் காணும் வட்டமோ அரைவட்டமோ பொருந்தும். கடைசி இடத்தில் இருப்பவனுக்குக் கண்ணும் காதும் எட்டுமா? நீங்களே அங்கே போய் உட்கார்ந்து பார்த்தாலன்றி இதற்கு விடை கிடையாது. மூன்றாவது கேள்வியே தலையாயது: இருக்கை இல்லாமையால் வெளியே நிற்பவர் எவரேனும் உண்டா?

திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடி அமர்ந்திருந்தபோது, சுந்தரர் அவர்களை வணங்காமல் கடந்து சென்றார் என்று விறன்மிண்டர் சினந்தார். அதன் பின் சுந்தரர் பாடியதே திருத்தொண்டத் தொகை. தில்லைவாழ் அந்தணர்க்கும் குயவரான திருநீலகண்டருக்கும் திருநாளைப்போவாருக்கும் அதிலே ஒரே வணக்கந்தான். திருநாளைப்போவார் தம் வாழ்நாளில் கோயிலுள் புகத் தயங்கி வெளியே நின்றவர். நிலத்தில் கிடைக்காத இருக்கையைப் பாட்டிலே அவருக்கு அளித்தவர், இத்திருநாவலூரில் பிறந்த பிள்ளை. பாட்டில் அமைந்த அந்த வரிசையை நிலத்திலும் அமைத்துக் காட்டுவது உங்கள் கடமை.