கெட்டனரா? கெடுக்கப்பட்டனரா?

பள்ளி மாணவன் புகைபிடித்தால் "பிள்ளை கெட்டான்" என்கிறோம். கலிகாலம் என்பாரும், தலைவிதி என்பாரும் உளர். அமெரிக்க நாட்டு வரலாறோ வேறு விடை பகர்கிறது.

அங்கே மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1975 முதல் ஆண்டுதோறும் உயர்நிலைப்பள்ளி இறுதி வகுப்பினரிடம், கடந்த 30 நாட்களில் குடித்ததுண்டா, புகைத்ததுண்டா எனக் கேட்டு வருகின்றனர். 1980-இல் பத்துப் பேரில் எழுவர் குடித்திருந்தனர். 1984-இல் வந்த சட்டம், மது வாங்கும் வயதை 21 ஆக்குமாறு மாநிலங்களை நெருக்கிற்று. குடி மெல்லத் தணிந்தது.

புகையோ, 1990-களின் தொடக்கத்தில் தணிந்து, மீண்டும் கிளம்பி, 1997-இல் மூவரில் ஒருவரை மிஞ்சிற்று. அந்நாளில் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம் ஒட்டகத்தைக் கேலிச்சித்திர நாயகனாக்கிச் சிகரெட் விற்றது. ஆறு வயதுக் குழந்தைகள் மிக்கி எலிக்கு இணையாக அந்த ஒட்டகத்தை அறிந்திருந்தனர் என 1991-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று! அக்குழந்தைகளின் தலையில் எழுதியவன் நான்முகனா, வணிகனா?

1998-இல் 46 மாநிலங்கள் புகையிலை முதலாளிகளை உடன்படிக்கைக்குப் பணியவைத்தன. கேலிச்சித்திர விளம்பரம் ஒழிந்தது. சிகரெட் விலை ஏறிற்று. 2023-இல் புகைத்தோர் நூற்றுக்கு ஐவரினும் குறைவு. குடித்தோர் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்.

ஆயினும் வணிகன் உறங்கினானில்லை. 2019-இலேயே மின்சிகரெட் நால்வரில் ஒருவரைப் பற்றியிருந்தது.

விதி மாறவில்லை தோழர்களே, சட்டம் மாறிற்று, மாணவர் மாறினர். மாணவன்மீது பிரம்பை ஓங்கும் ஆசிரியராகிய நாம், அவனுக்கு வலை விரித்தவனைக் கேள்வி கேட்கத் தயங்கலாமா?