ஒப்புக்குச் சப்பாணி

பேச்சு வழக்குத் தொடர். ஆட்டத்தில் சேர்ந்திருந்தும் வெற்றி தோல்விக் கணக்கில் வராதவர் என்பது பொருள். ‘உப்புக்குச் சப்பாணி’ என்றும் சொல்வார்கள்.

ஒப்பு: ‘ஒ’ என்னும் வேரிலிருந்து வந்தது. ஒத்தல், ஒப்புதல், ஒப்புரவு எல்லாம் இதன் உறவுச் சொற்கள். ‘ஒப்புக்கு’ என்றால் பெயரளவுக்கு.

சப்பாணி: நடக்க இயலாதவர் என்பது ஒரு பொருள். மனிதரைச் சுட்டி அப்படிச் சொல்வது புண்படுத்தும். கைவிட வேண்டிய வழக்கு அது. பிள்ளைத்தமிழின் 10 பருவங்களில் நான்காவதற்கும் சப்பாணி என்றே பெயர்; குழந்தை கைகொட்டி மகிழும் பருவம். பாணி என்றால் கை.

வழக்கு: திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத் தெருவொன்றில் கண்ணாமூச்சி தொடங்குகிறது. அக்கா கையைப் பிடித்தபடி தம்பியும் நிற்கிறான். “இவன் ஒப்புக்குச் சப்பாணிடா” என்று அவள் முதலிலேயே சொல்லிவிடுகிறாள். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். பிடிபட்டாலும் அவன் அவுட் இல்லை. பெயரளவுக்கு என்று பொருள்படும் ‘ஒப்புக்கு’ என்ற சொல்லுக்குள் உண்மையான ஒப்புதல் இருக்கிறது. பயந்துபோன பிள்ளை விலகிக்கொள்ளவும் சொல் உண்டு: “நான் ஆட்டைக்கு வரலை.”

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை வளர்க்கும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் வெளிவந்தது. அவ்வகை ஆட்டங்களுக்கு ஜான் ஸ்டாவ்ரபோலஸ் உருவாக்கிய ‘எக்ஸ் அட்டை’யிலும் விலகிக்கொள்ள இடம் தரும் இதே பரிவைக் காண்கிறேன். கதை மனத்தைத் தைத்தால் எவரும் அட்டையைத் தொடலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காட்சியை விட்டுவிட்டு ஆட்டம் தொடரும்.