செபம் வருது, தண்ணி கேக்க ஏலாது

வங்காலையில பின்னேரம் செபமாலை சொல்லுற ஒரு வீடு. அங்க ஒரு பெரியவர், காலமெல்லாம் கடலுக்குப் போனவர். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துவிட்டது. தண்ணி வேணும் என்று கேட்க அவருக்கு ஏலாது. வேறேதோ சொல்லி, கையைக் காட்டி, கடைசியில் அழுதுவிடுவார். ஆனால் செபம் தொடங்கினால் ஒரு சொல் பிசகாமல் கூடவே சொல்லுவார். "செபம் தெரியுது, தண்ணி கேக்கத் தெரியாதோ? சும்மா நடிப்பு" என்று வீட்டாரே சொன்னார்கள். நாங்களும் அதை நம்பினோம்.

பிறகு வாசித்துப் பார்த்தால், இது புதுக் கதையே இல்லை. 1745இல் சுவீடனில் ஓலோஃப் டாலின் இதே மாதிரி ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருக்கும் நோயில் வலப்பக்கம் செயலிழந்தது, பேச்சும் போனது. ஆனால் முன்பு பழகிய கோயில் பாடல்களை, யாராவது தொடக்கிக் கொடுத்தால், தெளிவாகப் பாடுவார். சில செபங்களும் சொல்லுவார்.

1861இல் பாரிஸின் பிசெத்ர் மருத்துவமனையில் போல் புரோக்கா, லெபோர்ன் என்ற நோயாளியைச் சோதித்தார். எதைக் கேட்டாலும் 'தான்' என்ற ஒரே ஓசைதான் பதில். இங்கே எத்தனை வருசம் என்று கேட்டபோது, லெபோர்ன் நாலு தரம் ஐந்து விரலையும் விரித்து, பிறகு ஒரு விரலைக் காட்டினார். 21. கணக்குச் சரி! மூன்றாம் தரமும் அதையே கேட்க, கோபத்தில் ஒரு ஏச்சு மட்டும் முழுசாக வெளிவந்தது. அவர் இறந்த பின் மூளையைப் பார்த்தபோது, இடப்பக்க முன்பகுதி சேதமாகியிருந்தது. 1874இல் கார்ல் வெர்னிக்கே இன்னொரு வகையைக் காட்டினார். அவர்கள் சரளமாகக் கதைப்பார்கள், ஆனால் சொற்கள் மாறிப்போகும், மற்றவர் சொல்வதும் விளங்காது. இவர்களைத்தான் ஊர் சுலபமாக 'விசர்' என்றுவிடும்.

இங்கிலாந்து மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் இதை விளக்கினார். நினைத்ததைச் சொல்லப் புதிதாக வசனம் கட்டுவது ஒன்று. ஏச்சு, செபம் போலப் பழக்கத்தில் தானாக வருவது இன்னொன்று. முதலாவது போனாலும் இரண்டாவது மிஞ்சலாம். 1973இல் பொஸ்டனில், ராகத்தோடு இழுத்துச் சொல்லவைத்துப் பேச்சை மீட்கும் பயிற்சியே வந்தது.

மூளைக் காயம் எல்லோரிடமும் யோசனையை விட்டுவைக்கும் என்றில்லை. எந்த இடம், எவ்வளவு என்பதைப் பொறுத்து ஞாபகமும் கவனமும் குறையலாம். 1943இல் தலையில் குண்டு பட்ட ரஷ்யப் படைவீரர் ஸசெட்ஸ்கி, தான் எழுதியதைத் தானே வாசிக்கத் திணறினார். ஆனாலும் லூரியா என்ற மருத்துவரின் கண்காணிப்பில் சுமார் 3000 பக்கம் எழுதினார். ஷெல் துண்டுகளோடு வாழ்கிறவர்கள் உள்ள எங்கட மண்ணுக்கு இது தூரத்துக் கதை இல்லை.

ஆனால் சொல் வரவில்லை என்பதற்காக ஆள் இல்லை என்று முடிவெடுக்க ஏலாது. இப்ப நாங்கள் அந்தப் பெரியவரிடம் "தண்ணியா? தேத்தண்ணியா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தலையாட்டும்வரை பொறுத்திருக்கிறோம். அவசரப்படுத்தினால் ஏசுவார். அது மட்டும் தெளிவாகவே வரும்.