டம்பிளிங் வீரரின் போட்டி வாழ்க்கை (புரோசார்ட், மொன்றியல்)

டம்பிளிங், ஜிம்னாஸ்டிக்ஸின் ஒரு பிரிவு. துள்ளும் தன்மையுள்ள 25 மீட்டர் ஓடுதளத்தில், இடையில் நிற்காமல் எட்டுக் கரணங்களை அடுத்தடுத்து அடித்து, கடைசியில் மெத்தையில் இரு காலும் ஊன்றி நிற்க வேண்டும். ஒரு சுற்று சில நொடிகளில் முடிந்துவிடும். அந்தச் சில நொடிகளுக்காக ஆறேழு வயதில் பயிற்சியைத் தொடங்குகிறார்கள்.

புரோசார்ட், செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையில் மொன்றியலுக்கு எதிரே உள்ள நகரம். 1958இல் நகராட்சியானது. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 90,000க்கு மேல். ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ரோஸ்-கேயிங் வூ இவ்வூரைச் சேர்ந்தவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் கனடா அணியில் இடம்பெற்றபோது அவருக்கு வயது 16. அதே ஊரில் டம்பிளிங்கைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைக்கு ஒலிம்பிக் கதவு திறக்காது. 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் மட்டும் ஒருமுறை டம்பிளிங் தனிப் போட்டியாக நடந்தது. தங்கம் வென்ற அமெரிக்கர் ரோலண்ட் வுல்ஃபுக்கு அப்போது 17 வயது. அதன்பின் டம்பிளிங்குக்கு அழைப்பில்லை. 2000இல் சிட்னியில் டிராம்போலின் சேர்க்கப்பட்டபோதும் அதன் உடன்பிறப்பான டம்பிளிங் வெளியே நின்றது. இந்த விலக்கல் நியாயமற்றது, உழைப்பிலும் ஆபத்திலும் டம்பிளிங் எதற்கும் குறைந்ததல்ல.

ஆகவே இளம் வீரரின் இலக்கு வேறு. கியூபெக் மாகாணப் போட்டிகள், கனடா தேசியப் போட்டி, பிறகு உலக வயதுப் பிரிவுப் போட்டிகள். கடைசியில் சொன்னவற்றில் 11-12, 13-14, 15-16, 17-21 என்று பிரிவுகள் உண்டு. இவை உலக சாம்பியன்ஷிப்பை ஒட்டியே நடப்பதால் சிறுவர்கள் தாங்கள் போற்றும் பெரியவர்களை அருகிலிருந்தே பார்க்கிறார்கள். 1981இல் தொடங்கிய உலக விளையாட்டுகளிலும் டம்பிளிங் இடம்பெற்றது. கியூபெக்கின் 'ஸ்போர்ட்-எத்யூத்' பள்ளித் திட்டத்தில் சேர்ந்தவர்கள் நாளின் ஒரு பகுதியில் பாடமும் மறு பகுதியில் பயிற்சியுமாக இருப்பார்கள்.

ஒரு சுற்றைக் கிட்டத்தில் பார்ப்போம். ஓடிவந்து 'ரவுண்ட் ஆஃப்' போட்டதும் உடல் பின்புறம் திரும்பிவிடுகிறது. இனி முன்னால் என்ன இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. கை தரையில் படாத தாழ்வான பின்கரணங்கள், 'விப்' என்பவை, வேகத்தைக் கூட்டுகின்றன. அடுத்து 'ஃபிளிக்': கைகளைத் தரையில் ஊன்றி, சேர்த்த வேகத்தை உயரமாக மாற்றும் கணம் இதுதான். இறுதியில் இரட்டைக் கரணம். முதல்தர வீரர்கள் மூன்று சுற்று சுழல்வார்கள். ஃபிளிக்கில் தோள் சிறிது தளர்ந்தாலும் உயரம் போய்விடும். புதிய கரணம் எதையும் முதலில் நுரைத்துண்டுகள் நிரம்பிய குழியில்தான் அடித்துப் பழகுவார்கள்.

பதின்மூன்று, பதினான்கு வயதுதான் சோதனைக் காலம். உடல் திடீரென நீளும்போது அதைச் சுழற்றக் கூடுதல் விசை வேண்டும். நேற்றுவரை எளிதாக வந்த கரணம் முடியுமுன் தரை வந்துவிடுகிறது. கணுக்கால், மணிக்கட்டு, குதிகால் தசைநாண் எல்லாம் அடிபடுவது பெரும்பாலும் இந்த வயதில்தான். பலர் விளையாட்டை விடுவதும் இப்போதே. பொறுமையுள்ள பயிற்றுநர் கடினத்தைக் குறைத்து, அடிப்படைக்குத் திரும்பச் செய்வார். பிள்ளை பின்தங்கிவிட்டதாகப் பெற்றோர் பதறத் தேவையில்லை.

போட்டி முடிந்த பின்னும் மொன்றியல் பகுதி வீரருக்குப் பல ஊர்களில் இல்லாத ஒரு வழி உண்டு. 1981இல் தொடங்கிய தேசிய சர்க்கஸ் பள்ளி இங்கே இருக்கிறது. 1984இல் கியூபெக்கில் பிறந்த சிர்க் து சொலேயின் தலைமையகமும் இங்கேதான். ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்களை அந்நிறுவனம் நெடுநாளாகக் கலைஞர்களாகச் சேர்த்துவருகிறது. 1994இல் மொன்றியலில் அரங்கேறிய அதன் 'அலெக்ரியா' நிகழ்ச்சியில், மேடைத் தளத்துக்குள் பதித்த துள்ளுபாதைகளில் குழுவாகக் கரணமடிக்கும் பகுதி ஒன்று உண்டு. டம்பிளிங்கில் தேர்ந்தவருக்கு அது சொந்த வீடு போன்றது.