அடக்கவிலை

'அடங்கு' என்னும் வினையடியாகப் பிறந்த 'அடக்கம்' என்பதோடு 'விலை' சேர்ந்து உண்டான இச்சொல், ஒரு சரக்கை உண்டாக்க நேர்ந்த செலவனைத்தும் தன்னுள் அடங்கிய விலை என்று பொருள்படும். ஆகவே வாங்கிய கிரயத்தை மட்டும் அவ்வாறு சொல்வது, கடைவழக்கில் இருப்பினும், சொல்லின் பொருளைக் குறுக்குவதேயாகும். கோயம்புத்தூர் நூற்பாலை ஒன்றில், நூல் நூற்கும் ரிங் பிரேமிலிருந்து இறக்கிய நூலின் எடையும், பஞ்சைச் சீவும் கோம்பரில் கழிந்த பஞ்சும், நூற்கும் கதிர்கள் நின்றுபோன நேரமும் உற்பத்திக் கணினியில் பதிவாகி, அப்பதிவே உடனுக்குடன் இருப்புக் கணக்கில் பஞ்சு பேல்களைக் குறைத்து நூலைக் கூட்டி, மின்சாரமும் கூலியும் சேர்த்து, கழிவுப் பஞ்சு விற்ற தொகையைத் தள்ளி, கிலோவுக்கு இவ்வளவு என்று காட்டும்போதுதான் அச்சொல் பூரண அர்த்தம் பெறுகிறது. மாதக் கடைசியில் உத்தேசமாகப் போடும் கணக்கிலோ, நின்ற கதிரின் செலவு ஓடிய கதிரின் செலவோடு கலந்து கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.