கடலில் தொலைந்த தூண்

எகிப்தின் தெற்கே, அஸ்வான் கல்குவாரியில் ஒரு தூண் இன்னும் படுத்தே கிடக்கிறது. நீளம் சுமார் 42 மீட்டர். எழுந்து நின்றிருந்தால் எகிப்தியர்கள் நிறுத்திய ஓபெலிஸ்க் தூண்களிலேயே பெரியது அதுதான். பாதிக்கு மேல் வேலை முடிந்த பிறகு பாறையில் விரிசல் கண்டது. அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இந்தத் தூண்கள் எப்படி வெட்டப்பட்டன என்பதை நமக்குக் காட்டிக்கொடுப்பது தோற்றுப்போன இந்தக் கல்தான். இரும்பு உளி கிடையாது. டோலரைட் என்ற கடினமான கல்லை உருண்டையாக எடுத்துக் கையில் பிடித்து, சிவப்பு கிரானைட்டின் மேல் ஓயாமல் இடித்து, தூளாக்கித் தூளாக்கியே பள்ளம் பறித்திருக்கிறார்கள். இடித்த தழும்பு பாறையில் இன்றும் வரிசை வரிசையாகத் தெரிகிறது. இடித்தவர் யார் என்று மட்டும் எங்கும் எழுதிவைக்கவில்லை.

அதே அஸ்வான் கல்லில் விரிசலுக்குத் தப்பிப் பிழைத்த ஒரு தூண் இப்போது லண்டனில், தேம்ஸ் நதிக்கரையில் நிற்கிறது. உயரம் சுமார் 21 மீட்டர், எடை சுமார் 186 டன். ‘கிளியோபாட்ராவின் ஊசி’ என்று ஊரார் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. கிளியோபாட்ரா பிறப்பதற்கு ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன்பே அது செதுக்கப்பட்டாயிற்று.

வெட்டச் சொன்னவர் மூன்றாம் துட்மோஸ், கி.மு. 15-ஆம் நூற்றாண்டின் மன்னர். சிரியா வரை படை நடத்திச் சென்றவர். ஹீலியோபோலிஸ் சூரியன் கோயிலுக்கென்று இரண்டு தூண்களை ஜோடியாகச் செய்வித்தார். ஓபெலிஸ்க் பெரும்பாலும் ஜோடியாகத்தான் நிற்கும், கோயில் வாசலின் இருபுறமும். தூண் முழுவதும் ஒரே கல், நான்கு பட்டை, மேலே போகப் போகக் குறுகி, உச்சியில் ஒரு சின்ன பிரமிடு. காலையில் முதல் வெயில் அங்கேதான் விழ வேண்டும் என்பது கணக்கு. அதனால் உச்சிக்குப் பொன்னோ, பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகமோ போர்த்துவது வழக்கம்.

துட்மோஸுக்கு முன்னால் அரியணையில் இருந்த அவருடைய சிற்றன்னை ஹட்ஷெப்சுட், கர்னக் கோயிலில் தான் நிறுத்திய தூண்களை ஏழே மாதத்தில் வெட்டி எடுத்ததாகக் கல்வெட்டிலேயே பெருமை பேசியிருக்கிறாள். டெய்ர் எல்-பஹ்ரியில் உள்ள அவளுடைய கோயில் சுவரில், இரண்டு தூண்களை ஏற்றிக்கொண்டு போகும் பிரம்மாண்டமான படகையும் அதை இழுத்துப் போகும் படகுக் கூட்டத்தையும் செதுக்கியிருக்கிறார்கள். துட்மோஸின் தூண்களும் அப்படித்தான் நைல் வழியே 800 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே போயிருக்க வேண்டும். அதே துட்மோஸ் பிற்காலத்தில், கர்னக்கில் சிற்றன்னையின் தூண்களைச் சுற்றிச் சுவர் எழுப்பி மறைத்ததும் உண்டு. சுவருக்குள் இருந்த பகுதி வெயிலும் மணலும் படாமல் பத்திரமாக இருந்தது. பொறாமைக்கு இப்படியும் ஒரு பலன்.

லண்டன் தூணின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரே ஒரு வரிசை எழுத்துதான் துட்மோஸ் பொறித்தது. இரு ஓரமும் வெறுமையாக இருந்தன. சுமார் 200 ஆண்டு கழித்து இரண்டாம் ராம்சேஸ் வந்தார். எகிப்தில் காலி இடம் கண்டால் தன் பெயரை வெட்டாமல் போகாத மனிதர் அவர். நான்கு பக்கத்திலும் துட்மோஸின் வரிக்கு இருபுறமும் தன் பெயரையும் பட்டங்களையும் நிரப்பிவிட்டார். இப்போது பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரு பங்கு துட்மோஸ், இரண்டு பங்கு ராம்சேஸ். கல்லுக்குச் செலவழித்தவர் ஒருவர், விளம்பரம் இன்னொருவருக்கு.

அடுத்து ரோமர்கள். கி.மு. 30-இல் கிளியோபாட்ரா இறந்தாள். எகிப்து அகஸ்டஸின் கைக்கு வந்தது. பதினேழு, பதினெட்டு ஆண்டு கழித்து, ஹீலியோபோலிஸிலிருந்து இரண்டு தூண்களையும் பெயர்த்து, அலெக்சாண்ட்ரியாவில் கடலோரமாக இருந்த சீசரியம் என்ற கோயிலுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அந்தக் கோயிலைத் தொடங்கியவள் கிளியோபாட்ரா. அவளுக்கும் தூணுக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். அடிப்பாகத்தின் மூலைகள் உடைந்திருந்ததால் வெண்கலத்தில் நண்டு உருவங்களை வார்த்து மூலைகளுக்கு முட்டுக்கொடுத்தார்கள். ஜோடித் தூணின் அடியில் இருந்த நண்டுகளில் இரண்டு தப்பிப் பிழைத்து, நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு நண்டின் கொடுக்கில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் எழுத்து: அகஸ்டஸ் ஆட்சியின் 18-ஆம் ஆண்டு, ஆளுநர் பார்பரஸ் நிறுத்தினார், கட்டடக் கலைஞர் பொன்டியஸ். வேலையை நடத்திய ஒருவரின் பெயர் இந்தத் தூண்களின் வரலாற்றில் எழுத்தில் ஏறுவது இங்கேதான். அதுவும் கல்லில் இடமில்லை, நண்டின் கொடுக்கில்.

பிறகு சுமார் 1,900 ஆண்டு அந்தத் தூண்கள் அலெக்சாண்ட்ரியாவை விட்டு நகரவில்லை. இடையில் ஒரு நிலநடுக்கத்தில் ஒன்று விழுந்து மணலில் புதைந்தது. விழுந்ததுதான் இன்று லண்டனில் இருக்கிறது. நின்றது நியூயார்க் போனது.

1819-இல் எகிப்தின் ஆளுநர் முகமது அலி, விழுந்துகிடந்த தூணைப் பிரிட்டனுக்குப் பரிசாகக் கொடுத்தார். பிரிட்டிஷ் தளபதிகள் நெல்சனும் அபர்குரோம்பியும் நெப்போலியன் படையை எகிப்தில் முறியடித்ததற்கு நன்றி. பிரிட்டன் அரசு மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. ஏற்றிக்கொண்டு வரும் செலவை மட்டும் ஏற்கவில்லை. இதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் லக்சரிலிருந்து ஒரு தூணைக் கொண்டுபோய் 1836-இல் பாரிஸில் நிறுத்தியும்விட்டார்கள். பிரிட்டனின் தூண் மணலிலேயே கிடந்தது. கடைசியில் பணம் போட்டவர் ஒரு தோல் மருத்துவர், எராஸ்மஸ் வில்சன். தினமும் குளிக்க வேண்டும் என்று லண்டன்வாசிகளுக்கு ஓயாமல் போதித்துவந்தவர். 10,000 பவுண்டு தருவதாகச் சொன்னார். தூண் தேம்ஸ் கரையில் பத்திரமாக நின்றால்தான் பணம். அந்த நிபந்தனைக்குத் துணிந்து கையெழுத்துப் போட்டவர் ஜான் டிக்சன் என்ற பொறியாளர்.

டிக்சனின் யோசனை எளிமையானது, கொஞ்சம் பயங்கரமானதும்கூட. தூணைக் கப்பலில் ஏற்ற வேண்டாம். தூணைச் சுற்றியே கப்பலைக் கட்டிவிடலாம். 28 மீட்டர் நீளம், ஏறக்குறைய 5 மீட்டர் விட்டம் கொண்ட இரும்பு உருளை ஒன்றை லண்டனில் பகுதி பகுதியாகச் செய்து அலெக்சாண்ட்ரியாவுக்கு அனுப்பி, கிடந்த இடத்திலேயே தூணை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். பிறகு மணல்மேல் உருட்டிக் கடலில் இறக்கினார்கள். இறங்கும்போதே தண்ணீருக்கடியில் இருந்த கல் ஒன்று இரும்பைக் கிழித்தது, ஒட்டுப்போட வேண்டியதாயிற்று. அதன்மேல் சுக்கான், பாய்மரம், ஆட்கள் தங்க ஒரு சிறு அறை எல்லாம் பொருத்தி ‘கிளியோபாட்ரா’ என்று பெயரும் வைத்தார்கள். பார்வைக்கு அது கடலில் விழுந்துவிட்ட தண்ணீர் லாரியின் டாங்கி. தானாக ஓடாது. ‘ஓல்கா’ என்ற நீராவிக் கப்பல் வடம் கட்டி இழுக்க, 1877 செப்டம்பர் 21 அன்று புறப்பட்டது. உருளையின் பொறுப்பாளர் கேப்டன் கார்ட்டர்.

மத்தியதரைக் கடல் வரை பிழையில்லை. அக்டோபர் 14, பிஸ்கே விரிகுடா. அந்தக் கடலைப் பற்றி எந்த மாலுமியும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. புயல் அடித்தது. உருளைக்குள் பாரத்துக்காக வைத்திருந்த இரும்புத் தண்டவாளங்கள் ஒரு பக்கமாகச் சரிந்தன, உருளை சாய்ந்தது, மறுபடி நிமிரவில்லை. உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்ற ஓல்காவிலிருந்து ஆறு பேர் தாமாக முன்வந்து ஒரு படகில் இறங்கினார்கள். படகு கவிழ்ந்தது. ஆறு பேரும் போனார்கள். பிறகு எப்படியோ கயிறு வீசி, கார்ட்டரையும் அவருடைய ஆட்களையும் ஓல்காவுக்கு மீட்டுக்கொண்டார்கள். வடத்தை விட்டுவிட்டார்கள். முழுகிப்போயிருக்கும் என்ற செய்தியோடு ஓல்கா இங்கிலாந்து திரும்பியது.

முழுகவில்லை. 3,300 ஆண்டுப் பழைய கல் ஆளில்லாமல் அட்லாண்டிக்கில் மிதந்துகொண்டிருந்தது. ‘ஃபிட்ஸ்மாரிஸ்’ என்ற கப்பல் கண்டு பிடித்து, ஸ்பெயினின் ஃபெரோல் துறைமுகத்துக்கு இழுத்துப் போனது. இழுத்தவர்கள் கூலியாகக் கேட்டது 5,000 பவுண்டு. வழக்கு நீதிமன்றம் ஏறி, கடைசியில் 2,000 பவுண்டில் முடிந்தது. மருத்துவர் தருவதாகச் சொன்ன தொகையில் ஐந்தில் ஒரு பங்கு அதிலேயே கரைந்தது. ‘ஆங்லியா’ என்ற இழுவைப் படகு ஃபெரோலிலிருந்து கொண்டுவர, 1878 ஜனவரியில் தூண் தேம்ஸுக்குள் நுழைந்தது.

எங்கே நிறுத்துவது என்பதில் ஒரு தகராறு. நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் மரத்தால் மாதிரித் தூண் செய்து நிறுத்திப் பார்த்தார்கள். கீழே சுரங்க ரயில் பாதை. 186 டன்னைத் தாங்குமா என்று பயம். கடைசியில் விக்டோரியா கரைச்சாலைக்குப் போனது. நீர்விசை ஜாக்கிகளால் படுக்கைவாட்டிலேயே உயரத் தூக்கி, நடுவில் அச்சு கொடுத்து, செப்டம்பர் 12 அன்று மெல்லச் சாய்த்து நிமிர்த்தினார்கள்.

பீடத்துக்குள் எதிர்காலத்துக்கென்று சில பொருள்களை வைத்து மூடினார்கள். பைபிள் பல மொழிகளில், ரயில் கால அட்டவணை, அன்றைய நாளிதழ்கள், நாணயங்கள் (நம் ரூபாயும் அதில் ஒன்று), கொண்டை ஊசி, சுருட்டு, சவரக்கத்தி, விக்டோரியா மகாராணியின் படம், இங்கிலாந்தின் பேரழகிகள் பன்னிரண்டு பேரின் புகைப்படங்கள். பன்னிரண்டு பேரையும் பொறுக்கி எடுத்த குழு எது என்று அறிய எனக்கு இன்றும் ஆசை உண்டு.

பீடத்தைச் சுற்றிப் பலகைகள். ஒன்றில் முகமது அலி, இன்னொன்றில் வில்சனும் டிக்சனும். நதிப்பக்கம் இருக்கும் பலகையை நின்று படிக்கிறவர்கள் குறைவு. வில்லியம் ஆஸ்கின், ஜேம்ஸ் கார்டினர், ஜோசப் பென்போ, மைக்கேல் பர்ன்ஸ், வில்லியம் டொனால்ட், வில்லியம் பாட்டன். பிஸ்கேயில் போன ஆறு பேர். குவாரியில் இடித்தவர், நைலில் துடுப்பு வலித்தவர், ரோமர்களுக்காக வடம் இழுத்தவர், அலெக்சாண்ட்ரியா மணலில் உருளையை உருட்டியவர் என்று இந்தக் கல்லின்மேல் கைவைத்த உழைப்பாளிகள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். அவர்களில் பெயர் கிடைத்தது இந்த ஆறு பேருக்குத்தான். அதற்கும் செத்துக்காட்ட வேண்டியிருந்தது.

இருபுறமும் வெண்கல ஸ்பிங்ஸ் இரண்டு உட்கார்ந்திருக்கின்றன. காவல் காக்கிற உருவம் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். இவை தூணைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மாற்றி வைத்துவிட்டார்கள் என்று லண்டனில் கேலி பேசுவதுண்டு. 1917 செப்டம்பர் 4 இரவு ஜெர்மன் விமானம் போட்ட குண்டு பக்கத்துச் சாலையில் வெடித்தது. ஸ்பிங்ஸின் உடலில் அன்று விழுந்த ஓட்டைகளை அடைக்காமலே விட்டிருக்கிறார்கள்.

நியூயார்க் போன ஜோடித் தூணின் பயணம் வேறு மாதிரி. பணம் ரயில்வே செல்வந்தர் வில்லியம் வாண்டர்பில்ட்டுடையது. பொறுப்பு கடற்படை அதிகாரி ஹென்றி கோரிஞ்சுடையது. அவர் ஒரு கப்பலையே வாங்கி, அதன் பக்கத்தைத் திறந்து தூணை உள்ளே தள்ளி அட்லாண்டிக்கைக் கடந்துவிட்டார். கடலில் தூணுக்குச் சேதமில்லை. ஆனால் ஹட்சன் ஆற்றங்கரையிலிருந்து சென்ட்ரல் பூங்கா போய்ச் சேர மட்டும் 112 நாள் ஆனது. 1881 ஜனவரி 22 அன்று நிறுத்தினார்கள். அந்த ஊர்ப் பனியும் ஈரமும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பழைய காலத்திலேயே கல்லுக்குள் ஏறியிருந்த உப்பு வேலையைக் காட்டியது, மேற்பரப்பு உரிந்தது. 1885-இல் பாரஃபின் மெழுகு பூசினார்கள். பூசுவதற்கு முன் தளர்ந்த சில்லுகளைத் தட்டி எடுத்ததில் எழுத்துகளும் கொஞ்சம் போயின. இரண்டு பக்கங்களில் துட்மோஸையும் காணோம், ராம்சேஸையும் காணோம்.

2011 ஜனவரியில் எகிப்தின் தொல்பொருள் துறைத் தலைவர் ஸாஹி ஹவாஸ் நியூயார்க் மேயருக்குக் கடிதம் எழுதினார்: தூணைச் சரியாகப் பராமரிக்காவிட்டால் திரும்ப எடுத்துப் போவோம். சில வாரத்தில் கெய்ரோவில் புரட்சி வெடித்தது. அந்த ஆண்டே ஹவாஸின் பதவி போனது. தூணை எடுத்துப் போக யாரும் வரவில்லை. 2014-இல் பூங்கா நிர்வாகம் சாரம் கட்டி, லேசர் கருவியால் நூறாண்டு அழுக்கை அங்குலம் அங்குலமாக எடுத்தது.